ஒப்பீட்டுக்கு வந்த அக்கா

என் தங்கை பிறந்த பன்னிரண்டாம் நாளே சாகக் கிடந்தாள். எனக்கு அப்போது நாலரை வயது. குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டு, கண் செருகி, பிழிந்த துணி மாதிரி அம்மாவின் கையில் துவண்டு கிடந்த அந்தச் சின்ன உடம்பைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் மருத்துவமனைக்கு ஓடினார்கள். போகிற போக்கில் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். மூன்று நாள் யாரும் என்னைக் கூப்பிட வரவில்லை. என் பொறாமை பிறந்தது அந்த மூன்று நாளில்தான் என்று நினைக்கிறேன்.

அவளுக்கு இருந்த கோளாறு பின்னால்தான் எனக்குப் புரிந்தது. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் ஒரு சுரப்பி, உடம்புக்கு அவசியமான ஹார்மோனைச் செய்ய முடியாமல், அதற்குப் பதிலாக ஆண் ஹார்மோனை அள்ளி அள்ளிச் சுரந்துவிடும். அம்மாவின் வயிற்றுக்குள் இருந்தபோதே அவள் அதில் ஊறியிருந்தாள். பிறந்தவுடன் பையனா பெண்ணா என்று சொல்லப் பிரசவம் பார்த்த டாக்டரே ஒரு நிமிஷம் தயங்கினாராம். சோதனையெல்லாம் முடித்துப் பெண்தான் என்று சொன்னார்கள். கூடவே இதையும் சொன்னார்கள்: உடம்பு உப்பைத் தக்கவைத்துக்கொள்ளாது, ஆயுள் முழுக்க நாளுக்கு மூன்று வேளை மாத்திரை, காய்ச்சல் வந்தால் மூன்று மடங்கு, மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தி எடுத்தால் உடனே தொடையில் ஊசி. தவறினால் பிள்ளை பிழைக்காது.

எங்கள் வீடு அந்த மூன்று வேளையைச் சுற்றித்தான் ஓடியது. அம்மா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தாள். எந்த ஷிஃப்ட் ஆனாலும் மாத்திரைகளை எண்ணிப் பார்க்காமல் படி இறங்க மாட்டாள். அப்பாவுக்கு மோட்டார் பட்டறை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எடுத்து, புதுத் தாமிரக் கம்பி சுற்றிக் கொடுப்பார்.

தங்கை நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து நின்றதே இல்லை. அலமாரி மேல் ஏறினாள், மதில் மேல் நடந்தாள், தன்னைவிடப் பெரிய பிள்ளைகளைத் தள்ளிவிட்டு ஊஞ்சலைப் பிடித்தாள். அப்பா அவளுக்குப் பம்பரம் என்று பேர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது. எனக்குக் கிடைத்தது பெரியவள். அதைப் பேர் என்றுகூடச் சொல்ல முடியாது, வரிசை எண்.

பம்பரத்துக்கு ஐந்து வயதானபோது, அவளைப் பார்த்துவந்த ஹார்மோன் டாக்டரம்மா எங்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கே ஓர் ஆராய்ச்சிக்காரி இருந்தார். கழுத்தில் விசில் மாதிரி ஒரு பேனாவைத் தொங்கவிட்டிருந்தார். கருவில் ஆண் ஹார்மோன் அதிகமாகப் பட்ட பெண் குழந்தைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. ஓர் அறை முழுக்கப் பொம்மைகள். ஒரு சுவர் கண்ணாடி; அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நாம் தெரிவோம், நமக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள்.

பம்பரம் உள்ளே போனதும் பெண் பொம்மைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகக் கிரேன் லாரியிடம் போனாள். கொக்கியைத் தூக்கி இறக்கி, தேநீர் கோப்பைகளை ஒவ்வொன்றாக அதில் மாட்டி, இருபது நிமிஷத்தில் அந்த அறையையே துறைமுகம் ஆக்கிவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் பக்கத்தில் நின்று ஆராய்ச்சிக்காரி வேகவேகமாக எழுதிக்கொண்டே இருந்தார். அப்பா வாயெல்லாம் பல்லாக நின்றார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"நான் எதுக்கு? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே," என்றேன்.

"ஒப்பீட்டுக்கு, கண்ணு," என்றார் ஆராய்ச்சிக்காரி. "ஒரே வீடு, ஒரே அம்மா அப்பா. ஆனா உனக்கு அந்த ஹார்மோன் அவ்வளவு படல. உன்னையும் பார்த்தாத்தானே உன் தங்கச்சியப் பத்தித் தெரியும்?"

என்னைப் பார்ப்பதுகூட அவளைத் தெரிந்துகொள்ளத்தான்.

உள்ளே போனேன். எனக்கும் அந்தக் கிரேன் மேல்தான் கண். அந்தக் கொக்கி எப்படி நழுவாமல் பிடிக்கிறது என்று பார்க்கக் கை பரபரத்தது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அம்மா நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் எதை எடுத்தால் எல்லோருக்கும் சரியாக இருக்கும் என்பதும் பத்து வயதில் நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் தலை வாரிவிட்டேன். சிக்கே இல்லாத தலை. என் மூளைக்குப் பொம்மைதான் பிடிக்கும் என்று எங்கோ ஓர் அட்டவணையில் ஏறியிருக்கும்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு வாக்கியம் குடிவந்தது: "அவ மூளையே அப்படி." பள்ளியில் ஒரு பையன் கேலி செய்தான் என்று பம்பரம் அவன் மூக்கில் குத்தினாள். அம்மா போய்த் தலைமை ஆசிரியையிடம் சுரப்பி, ஹார்மோன், மூளை என்று அரை மணி நேரம் விளக்கினாள். அவர் தலையாட்டித் தேநீர் கொடுத்து அனுப்பினார். அதே மாதம் நான் கோபத்தில் ஒருத்தியின் நோட்டைக் கிழித்தேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு ஹார்மோன்கூட இல்லை.

விடுமுறை நாளில் அப்பா அவளைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"நானும் வரேன்ப்பா."

"உனக்கு எதுக்கும்மா இந்தக் கிரீஸும் கரியும்? நீ சமத்து. அம்மாவுக்குத் துணையா இரு," என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே போனேன்.

பள்ளி முடித்ததும் நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் எடுத்தேன். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வந்தேன். ஒரு மோட்டார் ஏன் எரிந்தது என்று காகிதத்தில் எழுதிக் காட்டச் சொன்னால் என்னை அடிக்க ஆள் இல்லை. அந்தச் சமயம் பட்டறைக்கு ஒரு சலவைக் கூடத்திலிருந்து பெரிய மோட்டார் ஒன்று வந்தது. மூன்று ஒயரில் ஒன்றில் மின்சாரம் வராமல் போய், மற்ற இரண்டிலும் ஓடி எரிந்திருக்கிறது என்று சாப்பிடும்போது நான்தான் அப்பாவிடம் சொன்னேன். "ம்," என்றார். மறுநாள் அதைச் சுற்றும் வேலையைப் பம்பரத்திடம் கொடுத்தார். அவளுக்குப் பதினாலு முடிந்து சில மாதம். உதட்டைக் கடித்துக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, இரண்டு நாளில் முடித்துவிட்டாள். மோட்டார் ஓடியதும் அப்பா அம்மாவுக்குப் போன் போட்டார்.

"சின்னவ கையில வித்தை இருக்கு பாரேன். பொறக்கும்போதே வாங்கிட்டு வந்திருக்கா."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வயிறு எரிந்தது. சொல்லுக்காகச் சொல்லவில்லை, நெஞ்சுக்குக் கீழே நிஜமாகவே எரிந்தது. அவளுக்கு வந்த வியாதிகூட எனக்கு வந்திருக்கக் கூடாதா என்று அன்று ஒரு கணம் நினைத்தேன். நான் வெட்கப்படும் நினைப்புகளில் அது முதலாவது. இரண்டாவதை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

கடைசி ஆண்டில் பாலிடெக்னிக்கில் கண்காட்சி வைத்தார்கள். நான் ஒரு பெட்டி செய்திருந்தேன். பழுதான மோட்டாரைப் பிரிக்காமலே அதில் இணைத்தால், உள்ளே எந்தக் கம்பிச் சுருளில் கோளாறு என்று விளக்கு எரிந்து காட்டும். நாலு மாத உழைப்பு. அப்பா வருவதாகச் சொன்னார். தானாகவே கேட்டார், "எத்தனை மணிக்கு?" என்று. பதினொன்றுக்கு என்றேன். முந்தின நாள் மாலையே சட்டையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டிவைத்தார். அதைப் போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்த்தேன்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. அப்பா எனக்காக வரவேண்டிய நாளெல்லாம் பம்பரத்துக்கு உடம்பு சூடாகும். எனக்குப் பரிசு கொடுத்த நாளில் வாந்தி. என் பேச்சுப் போட்டியன்று காய்ச்சல். அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். தெரிந்து என்ன ஆகப்போகிறது?

அன்று அம்மாவுக்குக் காலை ஷிஃப்ட். ஆறு மணிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, படியில் நின்று என்னிடம் சொன்னாள், "இவ உடம்பு கொஞ்சம் கதகதன்னு இருக்கு. ஸ்கூலுக்கு வேணாம்னுட்டேன். ஒன்பது மணிக்குத் தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்துட்டுப் போன் பண்ணு. நூறைத் தாண்டுச்சுன்னா மூணா குடுத்துடு, நான் லீவு சொல்லிட்டு வந்துடறேன். அப்பாவையும் வரச் சொல்லிடலாம்."

அப்பாவையும். அந்த வார்த்தை காதில் மாட்டிக்கொண்டது.

அப்பா ஏழு மணிக்கே பட்டறைக்குப் போய்விட்டார், அங்கிருந்து நேராகக் கண்காட்சிக்கு வருவதாக. ஒன்பது மணிக்கு நான் உடை மாற்றிக்கொண்டு, பெட்டியைத் துணியில் சுற்றிவைத்துவிட்டு, அவள் அறைக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து எடுத்தேன். ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நூற்று இரண்டு.

"எவ்வளவுக்கா?"

தலையைத் திருப்பிக் கேட்டாள். என் முதுகு அவள் பக்கம் இருந்தது. மணிக்கட்டைச் சுண்டித் தெர்மாமீட்டரை இரண்டு தடவை உதறினேன். பாதரசம் கீழே இறங்கியது.

"சாதாரணம்தான்," என்றேன்.

அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாவுக்குப் போன் செய்து அதே வார்த்தையைச் சொன்னேன். கவுண்டரில் கூட்டம் போலிருக்கிறது, "சரிம்மா சரிம்மா," என்று வைத்துவிட்டாள். பக்கத்தில் தண்ணீரும், இரண்டு மணி மாத்திரையும், போனும் வைத்தேன். நாலு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என்ன ஆகும் என்று அந்த வீட்டில் என்னைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. பதினாலு வருஷமாகக் கேட்டு வளர்ந்தவள் நான்.

"அக்கா," என்றாள் வாசல் தாண்டும்போது. "நல்லா பண்ணு."

அப்பா பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். தலையைப் படிய வாரியிருந்தார். மற்ற மேஜைகளில் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் என்னிடம் வந்தார். நான் மனப்பாடம் செய்துவைத்ததை ஒப்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். பையிலிருந்து தன் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பெட்டியின் முதுகைக் கழற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த ஜாயின்டெல்லாம் யாரு வெச்சது?"

"நான்தான்ப்பா."

"எல்லாமா?"

"எல்லாம்."

"சுத்தமா இருக்கு." பிறகு, தனக்குள் பேசுவது போல, "மோட்டாரைப் பிரிக்கவே வேணாமே... இத்தனை வருஷமா நான் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கேன்," என்றார்.

என் வாழ்க்கையில் அதைவிட இனிமையாக எதையும் கேட்டதில்லை. பக்கத்து மேஜைக்காரன் என்னைப் பொறாமையாகப் பார்த்தான். அதுவும் இனித்தது. ஒரு மணி நேரம் அப்பா நகரவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு பண்ணினது," என்றார். எந்தப் பொண்ணு என்று யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் ஆகியிருக்கும். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார், "சின்னவ இதைப் பார்த்தா கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டா. பிரிச்சுடுவா."

இங்கேயும் அவளா என்று முதலில் சுருக்கென்றது. அடுத்த நொடி, அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது கண்ணில் வந்து நின்றது. பம்பரம் பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. காய்ச்சலில்கூடக் கட்டிலின் மேல் குதிப்பவள். கைபேசியை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன்.

"அப்பா, அவளுக்குக் காய்ச்சல்."

"என்னது? அம்மா ஒண்ணும் இல்லைன்னாளே?"

"நான்தான் ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். நூத்தி ரெண்டு இருந்துச்சு. மறைச்சுட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போடப் போனார். அது பைக்குள் போகாமல் தரையில் விழுந்தது, எடுக்கவில்லை. நடந்தார். பட்டறை வேனின் கதவைத் திறந்து, "ஏறு," என்றார். வழியெல்லாம் அது ஒன்றுதான் அவர் பேசிய வார்த்தை.

அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். பக்கத்தில் உப்பு டப்பா கவிழ்ந்திருந்தது. உடம்பில் உப்பு குறைந்தால் அதைத் தேடிப் போவாள். தேடிப் போய், டப்பாவை எடுத்ததும் விழுந்திருக்கிறாள். உதடு வெளுத்திருந்தது. கட்டிலிலிருந்து சமையலறை வரை மூன்று இடத்தில் வாந்தி. அப்பா அவளை மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தைத் தட்டினார். நான் அலமாரியிலிருந்து அவசர ஊசிப் பெட்டியை எடுத்தேன்.

"குடு, நான் போடறேன்," என்று கை நீட்டினார் அப்பா. தலைமுடி கனத்தில் கம்பி சுற்றும் அந்தக் கை வெடவெடவென்று ஆடியது.

"நீங்க பிடிச்சுக்கங்க," என்றேன்.

பொடியில் நீரைக் கலந்தேன், குலுக்கினேன், ஊசியில் ஏற்றினேன். அம்மா ஆண்டுக்கு இரண்டு முறை பழத்தில் குத்திப் பழகச் சொல்வாள், சலித்துக்கொண்டே குத்துவேன். தொடையில் நேராக இறக்கினேன். என் கை ஆடவில்லை. அதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. ஒன்பது மணிக்குத் தெர்மாமீட்டரை உதறியபோதும் அது ஆடவில்லை.

மருத்துவமனையில் அவளுக்கு உப்பு நீர் ஏற்றினார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்று அவசரப் பிரிவு டாக்டர் அப்பாவிடம் சொன்னார். அம்மா சீருடையோடு ஓடிவந்தாள். அப்பா அவளிடம், "திடீர்னு காய்ச்சல் ஏறிடுச்சு," என்று மட்டும் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

மறுநாள் மதியம் பம்பரம் எழுந்து உட்கார்ந்தாள். அம்மா சூப் வாங்கப் போயிருந்தாள். அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

"நீ உதறினதை நான் பார்த்தேன்க்கா," என்றாள்.

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"ஜன்னல் கண்ணாடியில தெரிஞ்சுது."

"அப்போ ஏன்டி சொல்லல? மாத்திரை பக்கத்துலதானே இருந்துச்சு, மூணா போட்டிருக்கலாமே!"

"அம்மா எண்ணுவாங்க இல்ல? ரெண்டு குறைஞ்சா காய்ச்சல் இருந்துச்சுன்னு தெரியும். அப்புறம் நீ பொய் சொன்னதும் தெரிஞ்சுடும்." ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "ரெண்டு மணி வரைக்கும் தாங்கிடலாம்னு நெனச்சேன். அப்பா உன் பெட்டியப் பார்க்கட்டுமேன்னு. பன்னெண்டு மணிக்கெல்லாம் கண்ணே தெரியல."

"லூசாடி நீ? செத்திருப்ப!"

"நீ மட்டும் என்னவாம்?"

பிறகு அவள் சொன்னது எனக்கு இன்று வரை வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"எனக்கு உன்மேல எவ்வளவு பொறாமை தெரியுமா? நீ பாஸ் பண்ணினா நீ படிச்சதால பாஸ். நான் ஒரு மோட்டார் சுத்தினா ஹார்மோன். ஓடினா ஹார்மோன். ஒருத்தன அடிச்சா அதுவும் ஹார்மோன். அந்த சலவைக்கூட மோட்டாருக்கு விரல் நாலும் கிழிஞ்சுது. அப்பா என்ன சொன்னாரு? பொறக்கும்போதே வாங்கிட்டு வந்தாளாம். நான் எதுவுமே பண்ணலையா அப்போ?"

நான் பதினாலு வருஷம் பார்த்துப் பார்த்து எரிந்தது அவளுக்குக் கிடைத்த பாராட்டை. அது அவளுக்குக் கிடைக்கவே இல்லை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மாலையில் ஹார்மோன் டாக்டரம்மா வந்தார். அவர் வெளியே போகும்போது பின்னாலேயே போய், வராந்தாவில் நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. சொல்லிவிட்டுக் கேட்டேன், "டாக்டர், அவளுக்கு மூளை அப்படின்னா எனக்கு என்ன? என் பொறாமைக்கும் ஏதாவது ஹார்மோன் இருக்கா?"

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எல்லா மூளையிலயும் ஹார்மோன் பட்டிருக்கும்மா. உனக்கும், எனக்கும், உங்க அப்பாவுக்கும். வயித்துல இருக்கும்போது ஒரு தடவை, வயசுக்கு வரும்போது ஒரு தடவை. எது பிடிக்கும், எவ்வளவு துறுதுறுப்புன்னு கொஞ்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்க்கும். சாய்க்கிறதோட சரி. கம்பி சுத்தக் கத்துக்குடுக்கிறது அது இல்ல. தெர்மாமீட்டரை உதறச் சொல்றதும் அது இல்ல." ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தார். "பொறாமைக்கு என்கிட்ட ரத்தப் பரிசோதனை கிடையாது. அம்மாகிட்ட போய்ச் சொல்லு."

"அந்தப் பொம்மை அறையில நான் பொய்யா விளையாடினேன் டாக்டர். எனக்குக் கிரேன்தான் வேணும்னு இருந்துச்சு."

அவர் சிரித்துவிட்டார். "உன் ஒருத்தியால அந்த ஆராய்ச்சி கெட்டிருக்காது. ஆனா நீ கெட்டிருக்க போலயே," என்றார்.

அம்மாவிடம் அன்றே சொன்னேன். சூப் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். அடிப்பாள் என்று நின்றேன், அடித்திருந்தால் தேவலை.

"எனக்குப் போன்லயே உறைச்சிருக்கணும்," என்றாள். "நீ எப்பவும் நம்பர்தான் சொல்லுவ. தொண்ணூத்தி எட்டு புள்ளி நாலுன்னு புள்ளி வரைக்கும் சொல்லுவ. நேத்து சாதாரணம்னு சொன்ன. கூட்டத்துல எனக்கு உறைக்கல."

அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு ஏழு மாதம் மாத்திரை டப்பாவை என் கையில் கொடுக்கவில்லை. வெளியே போனால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த வீட்டு அம்மாள் ஒவ்வொரு தடவையும் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பாள். ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் அம்மா எதுவும் சொல்லாமல் டப்பாவை என் மேஜை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்று ஆறு தடவை எண்ணினேன்.

அப்பா என்னோடு சகஜமாகப் பேச ஒரு மாதம் ஆயிற்று. ஒரு விடுமுறை நாள் காலையில் பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றவர், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் வாங்க. பெரியவளே, அந்தப் பெட்டியையும் எடுத்துக்கோ."

போனோம். நான் பழுதைக் கண்டுபிடிப்பேன், பம்பரம் சுற்றுவாள். அவள் சுற்றி முடித்தபோது அப்பா வழக்கம் போல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"விரலக் காட்டுடி."

காட்டினாள். இரண்டு விரலில் ரத்தக் கீறல். அப்பா குனிந்து பார்த்தார். பிறகு, "வலிக்குதா? நல்லா உழைச்சிருக்கே," என்றார். பம்பரம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வார்னிஷ் டப்பாவைத் தேடினாள். டப்பா அவள் கைக்கு எதிரேதான் இருந்தது.

இதோடு என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். நான் ஒரு மோட்டாரைச் சுற்றும் நேரத்தில் அவள் ஒன்றரை மோட்டார் சுற்றுவாள். அவள் கம்பியில் ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறாது. என் கம்பி ஏறும். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சுக்குக் கீழே அதே இடத்தில் சுள்ளென்னும். ஆனால் இப்போது வாய்விட்டுச் சொல்வேன். "உன்னப் பார்த்தா பத்திக்கிட்டு வருதுடி," என்பேன். "போய்த் தண்ணி குடி," என்பாள்.

பள்ளி முடித்ததும் அவள் வேறு ஊருக்குப் படிக்கப் போனாள். பெரிய மின்னுற்பத்தி எந்திரங்களைப் பழுதுபார்க்கும் படிப்பு, விடுதியில் தங்கல். மாத்திரையைத் தானே பார்த்துக்கொள்கிறாள், அலாரம் வைத்துக்கொண்டு. அவள் போன அன்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பட்டறை, அப்பா, கம்பி எல்லாம் எனக்கே எனக்கு. அந்த நிம்மதி மதியம் வரை நீடித்தது. மதியம் ஒருவர் தண்ணீர் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் மோட்டாருக்குள் சுழலும் ரோட்டாரைக் கழற்ற முடியாமல் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "சின்னப் பாப்பா இல்லையா? இருந்திருந்தா இந்நேரம் முடிச்சிருக்கும்," என்றார்.

அப்பா வெளியே போயிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"துரு பிடிச்ச ரோட்டார் வரமாட்டேங்குது. என்ன பண்ணுவ?"

"சுத்தியலால அடிச்சியா?"

"அடிச்சேன்."

"அதான் வரல. பேரிங் மூடிய முதல்ல சூடு பண்ணு, அப்புறம் இழு. படிச்ச பொண்ணு, இதுகூடத் தெரியாதா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அக்கா, இங்க ஒருத்தி இருக்கா. ஒல்லியா, பேசவே மாட்டா, ஊசி கீழ விழுந்தாகூடப் பயந்துக்குவா. ஆனா என்னைவிட வேகமா சுத்தறாக்கா. மாஸ்டர் அவ வேலையைத்தான் எல்லாருக்கும் காட்டினாரு. எனக்கு எப்படி எரியுது தெரியுமா?"

"எங்க எரியுது?"

"நெஞ்சுக்குக் கீழ."

"நல்லா எரியட்டும்," என்றேன். "ரெண்டு மணி ஆகுது, மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. அவ எப்படித்தான் அவ்வளவு வேகமா சுத்தறான்னு சொல்லுக்கா. கேட்டா கேவலமா இருக்குமா?"

"கேளு," என்றேன். "கேட்டுட்டு எனக்கும் சொல்லு."

பம்புக்காரர் பொறுமையிழந்து மேஜையைத் தட்டினார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பேரிங் மூடியைச் சூடாக்க அடுப்பைப் பற்றவைத்தேன்.